குட்டிக் கார் வாங்கலாமா?

வீட்டுக்கு ஒரு கார் வாங்குவது என்று பேச்சு எழுந்துவிட்டால் போதும், சகோதரிகளே, அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று கட்சிகள் தோன்றிவிடும். "வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாக வாங்குவோம்" என்பது முதல் கட்சி. பெரும்பாலும் வீட்டுத் தலைவர்தான் இதற்கும் தலைவர். "சின்னதாக இருந்தால் போதும், கடன் குறையும்" என்பது இரண்டாவது கட்சி. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிறவர்கள் இதில் சேருவார்கள். "இத்தனை நாள் கார் இல்லாமல் நாமெல்லாம் ஊர் போய்ச் சேரவில்லையா?" என்று கேட்கும் மாமியார்மாரின் கட்சி மூன்றாவது. வாதத்தில் பலமுள்ளது இந்த மூன்றாவது கட்சிதான். ஆனால் எந்த வீட்டிலும் அதற்கு ஓட்டு விழுவதில்லை!

இந்த வாரம் இரண்டாவது கட்சியின் பக்கம் நின்று கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பேசப் போவதில்லை. குட்டிக் காருக்குக் குணமும் உண்டு, குறையும் உண்டு. குறைகளில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

குட்டி என்றால் எவ்வளவு குட்டி? நம் வீட்டுப் புடவை ஒன்றை எடுத்து விரியுங்கள். ஐந்தரை மீட்டர் இருக்கும். அதைப் பாதியாக மடித்து, ஒரு சாண் கூட்டிக்கொண்டால் 2023-ஆம் வருஷம் வந்த 'காமெட்' என்ற மின்சாரக் காரின் நீளம் கிடைத்துவிடும். மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 'நானோ' 3.1 மீட்டர். 'ஆல்ட்டோ' மூன்றரை மீட்டர். நம் காலத்து அம்பாஸடர் 4.3 மீட்டர் இருந்தது. இன்று கல்யாண வீடுகளின் வாசலில் வந்து நிற்கும் 'இன்னோவா கிரிஸ்ட்டா'வோ 4.7 மீட்டர், முந்தானை மட்டும்தான் மிச்சம்.

வேப்பந்தட்டையில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகிற சாலையில், சுமார் பதினைந்து கிலோ மீட்டரில் வருகிற ஊர் அது. தாலுகா தலைநகர், பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர். மேற்கே பார்த்தால் பச்சைமலை. அந்தக் குடும்பத்தில் கணவருக்கு மக்காச்சோளம், சின்ன வெங்காயம் என்று விவசாயம். மனைவிக்குப் பெரம்பலூரில் அலுவலக வேலை. பெண் எட்டாவதும் பையன் மூன்றாவதும் அங்கேயே படிக்கிறார்கள். முழங்கால் வலியோடு மாமியார் ஒருவர். காலையில் அந்த அம்மாள் ஸ்கூட்டரில் முன்னே பையனை நிற்க வைத்து, பின்னே பெண்ணை உட்கார வைத்து, இரண்டு பேருடைய புத்தக மூட்டைகளையும் எங்கெங்கோ மாட்டிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்தால் நமக்கு அடிவயிறு கலங்கும். எதிரே பருத்தி மூட்டை ஏற்றிய லாரி வரும். வெங்காய டிராக்டர் வரும். ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையும் வரும். சட்டப்படி இரு சக்கர வாகனத்தில் ஓட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர்தான் போகலாம். அந்தச் சட்டம் அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

ஆகவே கார் வாங்குவது என்று முடிவாயிற்று. சண்டையும் தொடங்கிற்று.

"பங்காளி ஏழு பேரு உக்கார்ற வண்டி வாங்கியிருக்கான். நாம போயி தீப்பெட்டி மாதிரி ஒண்ணை வாங்கிட்டு வந்து நிறுத்தினா ஊர்ல நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?" என்றார் கணவர்.

"சிரிக்கட்டுங்க. அந்தப் பெரிய வண்டி வந்தா அதை ஓட்டப் போறது நீங்க ஒருத்தர்தான். நீங்க காட்டுக்கும் கமிட்டிக்கும் எடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் மறுபடியும் இதே ஸ்கூட்டர்லதான் ரெண்டையும் கட்டிக்கிட்டுப் போகணும். அப்புறம் கார் எதுக்குங்க?" என்றார் மனைவி.

மாமியார் மட்டும் நடு நிலைமை. "தீப்பெட்டியோ திருப்பதி லட்டோ, என் காலை மடக்காம உக்கார எடம் இருக்கான்னு பாருங்கப்பா" என்றார்.

இந்த மூன்று பேச்சிலே முழு விஷயமும் அடங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? குட்டிக் கார் நல்லதா கெட்டதா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதிலே கிடையாது. எதற்குப் பதிலாக அதை வாங்குகிறீர்கள்? அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸுக்குப் பதிலாக என்றால் ஒரு கணக்கு. ஸ்கூட்டருக்குப் பதிலாக என்றால் வேறு கணக்கு. பெரிய காருக்குப் பதிலாக என்றால் அது முற்றிலும் வேறு சமாசாரம்.

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. உங்கள் வீட்டு வாசலில் பஸ் வந்து நின்று, வேலை இடத்துக்கு அருகே இறக்கிவிடுமானால், காசுக் கணக்கில் எந்தக் காரும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பஸ் கனமான வண்டி, பத்திரமும் கூட. பஸ் போதும் என்கிற வீட்டுக்குக் குட்டிக் கார்கூடப் பெரிய செலவுதான். ஆனால் பள்ளிக்கூடம் ஒரு திசை, அலுவலகம் ஒரு திசை, திரும்பும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை, வீட்டில் முழங்கால் வலிக்காரர் என்று வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

காசைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். நாலு லட்சம் ரூபாய் கடன், 9 சதவிகித வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 8,300 ரூபாய் வரும். வட்டி மட்டுமே ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் போய் வர நாளொன்றுக்கு முப்பது கிலோ மீட்டர். சின்னக் கார் லிட்டருக்கு இருபது கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று சுலபமாகக் கணக்குப் பண்ணினால் தினம் 150 ரூபாய். மாதத்தில் 25 நாளைக்கு 3,750 ரூபாய். ஆக, பன்னிரண்டாயிரம் ரூபாய் மாதச் சம்பளத்திலிருந்து காணாமற் போகிறது. இன்ஷ்யூரன்ஸ், டயர், எண்ணெய் மாற்றுவதெல்லாம் தனி. இதுவே பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கிப் பெரிய காராக, ஏழு வருஷத் தவணையாகப் போட்டால், தவணை மட்டுமே மாதம் 19,300 ரூபாய். வட்டி நாலு லட்சத்துக்கு மேல். அந்த வட்டிக் காசிலே இன்னொரு குட்டிக் கார் வாங்கிவிடலாம் என்பதை வீட்டுத் தலைவர்கள் கவனிக்க வேண்டும்!

சர்க்காரும் சின்னக் காரின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கிறது. நாலு மீட்டருக்கு மேற்படாத நீளம், 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் என்ஜின் என்றால் வரி குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வகைக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே போய், 'கெய்' கார் என்று சட்டத்திலேயே ஒரு ஜாதி வகுத்திருக்கிறார்கள்: நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், என்ஜின் 660 சி.சி.க்குள். மஞ்சள் நம்பர் பலகை மாட்டிக்கொண்டு ஓடும். பணக்கார தேசம்தான், ஆனாலும் அங்கே புதிதாக விற்கிற கார்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குட்டிகள்தான். அங்கே யாரும் தீப்பெட்டி என்று சிரிப்பதாகத் தெரியவில்லை.

நம் ஊரில்தான் இந்தச் சிரிப்பு ஒரு பெரிய விஷயம். அது ஒரு காரையே கவிழ்த்துவிட்டது.

முன் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னக் கார் நமக்குப் புதிதல்ல. 1922-இல் இங்கிலாந்தில் ஆஸ்டின் கம்பெனி செய்த 'செவன்' என்ற வண்டியைத்தான் நம் தாத்தாமார் 'பேபி ஆஸ்டின்' என்று செல்லமாக அழைத்தார்கள். வக்கீலும் டாக்டரும் அதில் போனால் ஊரே எழுந்து நின்றது. அப்போது சின்னக் கார் கௌரவக் குறைவாக இருக்கவில்லை. கார் என்பதே கௌரவம். பிறகு 1961-இல் சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் செய்த 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' வந்தது. இடுப்பை வளைத்துத் திரும்புகிற நாட்டியப் பெண்ணைப் போலக் குறுகிய இடத்தில் திரும்பும். ஆனால் முதலில் இரண்டே கதவு. பின் ஸீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் ஸீட்டை மடக்கிவிட்டு, பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து நுழைய வேண்டும். நாலு கதவு பிற்பாடுதான் வந்தது. மறுபடியும் 'காமெட்'டில் அதே இரண்டு கதவுதான்! அறுபது வருஷத்தில் ராக்கெட் விட்டுவிட்டோம். புடவைக்காரியின் கஷ்டம் மட்டும் கார் செய்கிறவர்களுக்கு இன்னும் எட்டவில்லை.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி 'மாருதி 800' வந்தது. முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தியே கொடுத்தார். அரை லட்சம் ரூபாயை ஒட்டிய விலை. 2014-இல் உற்பத்தி நிற்கும் வரையில் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் செய்துவிட்டார்கள். மத்திய வகுப்புக் குடும்பம் தன் சொந்தக் காரைத் தானே ஓட்டுவது என்ற பழக்கத்தைப் பரப்பியதும், அதிலும் ஏராளமான பெண்களை ஸ்டீயரிங்கின் முன் உட்கார வைத்ததும் அந்தச் சின்ன வண்டிதான் என்பது என் அபிப்பிராயம். அம்பாஸடரின் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். அது கார் ஓட்டுவதல்ல, மாவாட்டுவது!

அப்புறம் வந்ததுதான் நானோ. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போன ஒரு குடும்பத்தைப் பார்த்து, இவர்களுக்கு நாலு சக்கரமும் ஒரு கூரையும் கொடுக்க வேண்டும் என்று ரத்தன் டாட்டாவுக்குத் தோன்றியதாம். நம் வேப்பந்தட்டை அம்மாளைப் போன்றவர்களுக்காகவே நினைத்த கார் என்று சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 10-ஆம் தேதி டில்லி கண்காட்சியில் திரையை விலக்கினார்கள். 'ஒரு லட்ச ரூபாய்க் கார்' என்று உலகமே வாயைப் பிளந்தது. மேற்கு வங்கத்தில் சிங்கூரில் தொழிற்சாலை கட்டி, நிலத் தகராறில் அதை விட்டுவிட்டுக் குஜராத்தில் சனந்துக்குப் போனார்கள். 2009-இல் வண்டி விற்பனைக்கு வந்தது.

சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம்! கண்ணாடி துடைக்க ஒரே ஒரு துடைப்பான். சக்கரத்துக்கு மூன்றே போல்ட்டு. 624 சி.சி., இரண்டு சிலிண்டர் என்ஜின் பின் ஸீட்டுக்குப் பின்னால். பின்புறக் கதவே கிடையாது. ஊருக்குப் போகிற பெட்டியை வைக்க வேண்டுமானால் உள்ளே நுழைந்து பின் ஸீட்டின் முதுகை மடக்கி வைக்க வேண்டும். திறக்கிற கதவு 2015-இல்தான் வந்தது. இத்தனைக்கும் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். தலை இடிக்காது, கால் இடிக்காது. நம் மாமியார் ஒரு முறை உட்கார்ந்திருந்தால் உடனே ஓட்டுப் போட்டிருப்பார்.

ஆனால் மழையில் நனைந்த அந்தக் குடும்பம் அதை வாங்கவில்லை! 2018-இல் உற்பத்தி நின்றே போயிற்று. மலிவான கார் என்று முரசறைந்ததே தவறாகப் போயிற்று என்று ரத்தன் டாட்டாவே பிற்பாடு சொன்னார். யோசித்துப் பாருங்கள். ஸ்கூட்டர் வைத்திருக்கிறவரை யாரும் ஏழை என்று சொல்வதில்லை. அவரே நானோ வாங்கினால், "பாவம், இதுதான் கட்டுப்படியாச்சு" என்று அடுத்த வீட்டில் பேசுவார்கள். கார் வாங்குகிறோமே, அதில் பாதி நமக்காக. பாதி அடுத்த வீட்டுக்காக. அடுத்த வீட்டுக்காரர் தவணை கட்டுவதில்லை என்பது மட்டும் நமக்கு ஞாபகம் வருவதில்லை.

சரி, ஊர்ச் சிரிப்பை ஒதுக்கிவிடலாம். ஒதுக்கிவிட முடியாத ஒன்று இருக்கிறது. எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் மோதிக்கொண்டால் எது நசுங்கும்? எடை குறைந்த கார் எடை மிகுந்த வண்டியோடு மோதும்போது அதிகமாக உதறி எறியப்படுவது இலகுவான காரும் அதில் உட்கார்ந்திருக்கிறவர்களுமே. இது இயற்கை விதி. எந்தக் கம்பெனி விளம்பரமும் இதை மாற்ற முடியாது.

2014 ஜனவரியில் 'குளோபல் என்காப்' என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை வாங்கி, மனித உருவப் பொம்மைகளை உட்கார வைத்து, மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுப் பார்த்தது. காற்றுப் பை இல்லாத, அடிப்படை விலை வண்டிகள். ஆல்ட்டோ, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம்! நல்ல வேளையாக அதற்குப் பிறகு காலம் மாறிற்று. 2019 ஜூலை முதல் ஓட்டுகிறவருக்குக் காற்றுப் பை கட்டாயம் ஆயிற்று. எண்பது கிலோ மீட்டரைத் தாண்டினால் கத்துகிற மணியும், பின்னே நகர்த்தும்போது எச்சரிக்கிற கருவியும் கட்டாயம் ஆயின. 2021 கடைசியில் முன் ஸீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் காற்றுப் பை கட்டாயம் ஆயிற்று. 2025-இல் ஆல்ட்டோவில்கூட ஆறு காற்றுப் பைகள் வைத்துவிட்டார்கள்.

இதை நான் விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பெண் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கென்று பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கிக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. "நீ எங்கேயாவது இடிச்சுட்டாலும் பரவாயில்லே, பழசுதானே" என்று பெரிய மனது பண்ணிச் சொல்வார்கள். காருக்குப் பரவாயில்லை, சரி, உள்ளே இருக்கிறவளுக்கு? பழைய வண்டி வாங்குவதானால், செய்த வருஷம் 2022 அல்லது அதற்குப் பிந்தியதா என்று பதிவுப் புத்தகத்தில் பார்த்து வாங்குங்கள். இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாய் கூடினாலும் அதுவே லாபம். பெயிண்ட் மினுமினுப்பும் பாட்டுப் பெட்டியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கின பிறகும் சில கண்டிப்புகள் வேண்டும். பெல்ட்டு போடாமல் உட்கார்ந்தால் காற்றுப் பையே எமன் ஆகிவிடும். முன் ஸீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் பாசம் கூடவே கூடாது. பின் ஸீட்டில் உட்காருகிறவர்களும் பெல்ட்டு போட வேண்டும், மாமியாரும்தான். "என்னைக் கட்டிப் போடறியாம்மா?" என்று அவர் கேட்டால், ஆமாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். இப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் அடிக்கடி வராது!

சென்னை–திருச்சி நாலு வழிச் சாலை பெரம்பலூர் வழியாகத்தான் போகிறது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் வேண்டுமானால் அரியலூருக்குப் போக வேண்டும். ஆகையால் சென்னைக்குப் போவதென்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு ரோடுதான். சுமார் 270 கிலோ மீட்டர். ராத்திரி வேளையில் நூறு மைல் வேகத்தில் போகிறாற்போல ஆம்னி பஸ்கள் பறக்கும். ஒரு பெரிய லாரி பக்கத்தில் கடந்து போனால் குட்டிக் கார் காற்றில் ஒரு குலுங்கு குலுங்கும். நாலு பேரும் பெட்டிகளும் ஏறி, ஏ.ஸி.யும் போட்டுவிட்டால், முந்திப் போக வேண்டிய சமயத்தில் என்ஜின் மூச்சு வாங்கும். ஆல்ட்டோவின் பின் பெட்டியில் 214 லிட்டர் இடம். இரண்டு சூட்கேஸ் வைத்தால் வெங்காய மூட்டைக்கு இடமில்லை. காமெட்டில் பின் ஸீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் சாமானுக்கு இடமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. சக்கரமும் பன்னிரண்டு அங்குலம்; குழியில் விழுந்தால் முதுகெலும்புக்குச் செய்தி உடனே போய்ச் சேரும்.

ஆகையால் என் யோசனை இது: குட்டிக் கார் வைத்திருக்கிறவர்கள் நீண்ட ராத்திரிப் பிரயாணத்துக்கு அதை எடுக்க வேண்டாம். வருஷத்தில் ஐந்தாறு நாள் கல்யாணம், காது குத்து, திருப்பதி என்று வரும். அன்றைக்கு வாடகைக்குப் பெரிய வண்டி டிரைவரோடு கிடைக்கிறது. அந்த ஆறு நாளுக்காக மிச்சம் முந்நூற்றைம்பத்தொன்பது நாளும் பெரிய காருக்குத் தவணை கட்டுவது, சீமந்தத்துக்கு வருகிற கூட்டத்துக்காக வீட்டில் நிரந்தரமாக அண்டா அடுப்பில் ஏற்றி வைத்திருப்பது போல.

அந்த முந்நூற்றைம்பத்தொன்பது நாளில்தான் குட்டிக் காரின் அருமை தெரியும். திருச்சியில் சின்னக் கடை வீதிக்குள் பெரிய காரோடு நுழைந்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள். முன்னே மாட்டு வண்டி, பின்னே ஆட்டோ, இரண்டு பக்கமும் பூக்கடை. வியர்த்து விறுவிறுத்துப் போகும். நாலரை மீட்டர் ஆரத்தில் திரும்புகிற ஆல்ட்டோவோ, நாலே கால் மீட்டருக்குள் திரும்புகிற காமெட்டோ அங்கே ராஜாத்தி! மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு நிறுத்துகிற இடம்தான் பெரிய பிரச்சினை. பக்கத்து வீட்டுக் கேட்டை மறைக்காமல், காய்கறி வண்டிக்காரரை விரட்டாமல் நிற்கிற காருக்குத் தெருவிலே நல்ல பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். அங்கே திங்களும் வெள்ளியும்தான் சந்நிதி திறக்கும். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? பெரிய வண்டிக்காரர்கள் இடம் தேடிச் சுற்றுகிற நேரத்தில் நாம் அர்ச்சனையை முடித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்கிறேன். புதிதாக ஓட்டுகிற பெண்ணுக்குக் காரின் நாலு மூலையும் எங்கே முடிகிறது என்று மனசுக்குத் தெரிய வேண்டும். சின்னக் காரில் அது ஒரு வாரத்தில் தெரிந்துவிடுகிறது. தெரிந்துவிட்டால் பயம் போய்விடுகிறது. பெரிய காரில் ஆறு மாதம் ஆனாலும், "நீங்களே எடுங்கள்" என்று சாவியை நீட்டத் தோன்றுகிறது. வாங்கின மூன்றாம் மாதமே லைசென்ஸைப் பீரோவில் பூட்டிவிட்ட சகோதரிகள் நம்மில் எத்தனை பேர்! பையனுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஜுரம் நூற்று மூன்று, கணவர் ஊரில் இல்லை என்றால் அன்றைக்குப் பெரிய காரா சின்னக் காரா என்பது முக்கியமே இல்லை. நீங்கள் ஓட்டக்கூடிய காரா என்பதுதான் முக்கியம்.

மின்சார வண்டியைப் பற்றியும் கேட்பீர்கள். காமெட்டின் பாட்டரி 17.3 யூனிட் மின்சாரம் கொள்ளும். முழுதும் நிரப்பினால் 230 கிலோ மீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. ஏ.ஸி., மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து நாம் 170 என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். தினம் முப்பது கிலோ மீட்டருக்கு மூன்றரை, நாலு யூனிட் ஆகும். இரண்டு மாத பில்லில் 200 யூனிட் கூடும். நம் மின்சாரக் கட்டணம் படி ஏற ஏற விலையும் ஏறுகிற தினுசு. ஏற்கெனவே வீட்டில் இரண்டு ஏ.ஸி. ஓடுகிறவர்கள் அந்தப் படியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் பெட்ரோலைவிட மலிவுதான். முழுதும் நிரப்ப ஏழு மணி நேரம் ஆகும். சொந்த வீடு, சொந்தத் திண்ணை, பக்கத்தில் பிளக்கு என்று இருக்கிறவர்களுக்கு இது மிகவும் சௌகரியம். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு கீழே தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இது ஆகாது. கம்பியைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டாம்!

வேப்பந்தட்டைக் குடும்பத்தில் கடைசியில் நாலு கதவுச் சின்னக் காரில் வந்து நின்றிருக்கிறார்கள். இரண்டு கதவு வண்டியை மாமியாரின் முழங்கால் தள்ளுபடி செய்துவிட்டது. கணவர் இன்னும் முழு மனதோடு ஒப்பவில்லை. நிறமாவது நல்ல சிவப்பாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். இருக்கட்டும், சிவப்பு தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். டிராக்டர் ஓடுகிற ரோட்டுக்கு அதுவும் நல்லதுதான்.

நீங்கள் கார் பார்க்கப் போகிறீர்களானால், விற்பவர் தனியாக உங்களை உட்கார வைத்துக் காலி ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பின் ஸீட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். நடுப்பகல் வெயிலில், ஏ.ஸி.யைப் போட்டுக்கொண்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். வழக்கமாக வாங்குகிற அரிசி மூட்டையும் காலி காஸ் சிலிண்டரும் பின்னால் கொள்ளுமா என்று அளந்து பாருங்கள். முக்கியமாக, ஸ்டீயரிங்கில் நீங்களே உட்காருங்கள். பின்னால் நகர்த்தி நிறுத்துவதையும் நீங்களே செய்யுங்கள். கடைக்காரப் பிள்ளை, "ஸார் ஓட்டிப் பார்க்கலீங்களா?" என்று உங்கள் கணவரைத்தான் கேட்பான். கேட்கட்டும். சாவி உங்கள் கையில்தானே இருக்கிறது.